சார் எந்தப் பக்கம் படுப்பார்?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அந்தப் புண்ணியவான்களில் ஒருத்தராவது கப்பல்காரரைக் கட்டிக்கொண்டு வீட்டையும் கட்டியிருப்பாரா? கட்டியிருந்தால் பழமொழி சொல்ல வாய் வந்திருக்காது. மருந்தக்காவுக்கு இரண்டும் ஒரே தலையில் விழுந்தது.

மருந்தக்கா என்பது தெரு வைத்த பெயர். பத்தொன்பது வருஷமாக மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறாள். எந்த வீட்டில் யாருக்கு எது சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லுவாள். புருஷன் சரக்குக் கப்பலில் இஞ்சின் அறை மெக்கானிக். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில், இரண்டு மாதம் வீட்டில். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் என்று பேர்தான்; சேர்ந்திருந்த நாளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாலேகால் வருஷம் தேறும். ஒரே மகள், அவளும் கல்யாணமாகி வேறு ஊரில். இப்போது கப்பல்காரர் ஓய்வு பெறுகிறார். இன்னும் மூன்று மாதத்தில் ஒரேயடியாகக் கரைக்கு வந்துவிடுவார். அதற்காகத்தான் இந்த வீடு.

அன்றைக்கு வியாழக்கிழமை. கடை திறப்பதற்கு முன்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். செங்கல் சுவர் எழும்பி, மேலே கான்கிரீட் போட்டு முட்டுப் பலகையும் பிரித்தாகிவிட்டது. திங்கட்கிழமை கொத்தனார் பூச்சு வேலைக்கு வருகிறார். அதற்குள் ஒயர் போகிற பைப்பெல்லாம் சுவருக்குள் போயாக வேண்டும். படுக்கையறை வாசலில் கால் வைத்தவளை ஒயர்மேன் கை நீட்டித் தடுத்தார்.

"அக்கா, பார்த்து! கட்டிலை மிதிச்சிடாதீங்க."

கட்டிலா? குனிந்து பார்த்தாள். வெறும் தரையில் சாக்பீஸால் ஆறடிக்கு ஆறரை அடி கட்டில் வரைந்திருந்தார். தலைமாட்டில் இரண்டு தலையணை வேறு. ஓரத்தில் சுருக்கம்கூடப் போட்டிருந்தார் மனுஷன்.

இவருக்கு சாக்பீஸ் என்றே பெயர். நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மற்ற ஒயர்மேன்கள் வந்தோமா, நாலடி உயரத்தில் சுவரை வெட்டினோமா, போனோமா என்று இருப்பார்கள். இவர் அப்படி இல்லை. வீட்டுக்காரர்களைத் தரையில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, கை எங்கே போகிறதோ அங்கே கோடு போட்டால்தான் அவருக்குச் சுத்தியல் பிடிக்கக் கை வரும்.

"தூக்கக் கலக்கத்துல தேடற கைக்கு சுவிட்ச் தானா வந்து மாட்டணும். இருபது வருஷத்துல என் சுவிட்ச் ஒரு கைக்கும் தப்பினதில்ல. படுங்கக்கா."

"என்ன தம்பி விளையாடறீங்க? கடைக்குப் போற சேலை."

"பேப்பர் விரிச்சிருக்கேன்ல."

விடுகிற ஆளில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் படுத்தாள். ஐம்பது வயதில் சிமெண்ட் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு கையைத் தூக்கினால் சிரிப்பு வராதா? வந்தது. கை சுவரில் பட்ட இடத்தில் சாக்பீஸ் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இது உங்களுக்கு. இப்ப சாருக்கு. டூ-வே சுவிட்ச் போட்டா இந்தப் பக்கம் இருந்தும் அணைக்கலாம், அந்தப் பக்கம் இருந்தும் அணைக்கலாம். ஆனா ஃபேன் ரெகுலேட்டர் ஒண்ணுதான். அது யார் பக்கம்னு இப்பவே முடிவு பண்ணிக்கணும். உலகத்துல பாதிச் சண்டை அதுலதான் ஆரம்பிக்குது. சார் எந்தப் பக்கம் படுப்பார்?"

"இடது பக்கம்" என்றாள், கண் இமைக்காமல்.

சாக்பீஸ் கட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அக்கா, இப்ப நீங்க படுத்திருக்கறதே இடது பக்கம்தான்."

குட்டு உடைந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. "அது... வாசல்ல நின்னு பார்த்தா..." என்று ஆரம்பித்து, அங்கிருந்து பார்த்தாலும் சரியாக வராது என்று தெரிந்ததும் நிறுத்தினாள். சாக்பீஸ் நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

"கேக்கறதா?" என்று அவர் வாய் தவறிக் கேட்டுவிட்டு, "சரிக்கா, கேட்டே சொல்லுங்க" என்று முடித்துக்கொண்டார்.

உள்ளதைச் சொல்லிவிடுவோம். அவர் எந்தப் பக்கம் படுப்பார் என்று அவளுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் இரண்டு லீவுக்குக் கட்டிலில் படுத்தார். விளிம்பில், விழுந்துவிடுவாரோ என்கிற மாதிரி. மூன்றாவது லீவில், "வெக்கையா இருக்கு" என்று தலையணையை எடுத்துக்கொண்டு ஹால் சோபாவுக்குப் போனார். அடுத்த லீவில் முதுகுவலி. அதற்கடுத்த லீவிலிருந்து காரணம் சொல்லவும் இல்லை, இவள் கேட்கவும் இல்லை. விடிவதற்கு முன்னால் போர்வையை மடித்து வைத்துவிடுவதால் வந்து தங்குகிற சொந்தபந்தத்துக்குக்கூடத் தெரியாது. "உனக்கென்னடி, புருஷன் ரெண்டு மாசம்னாலும் உன் முந்தானையைப் பிடிச்சுட்டே சுத்தறார்" என்று நாத்தனார் கேலி பண்ணுவாள். இவளும் வெட்கப்படுகிற மாதிரி சிரித்து வைப்பாள். வெளியே சொல்லக்கூடிய விஷயமா இது?

மகளுக்கு மட்டும் தெரியும். அன்று மத்தியானம் போனில் பேச்சுவாக்கில் கேட்டபோது, "அப்பாவா? எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து சோபாலதானேம்மா படுப்பார்" என்றாள், மழை பெய்கிறது என்று சொல்கிற குரலில்.

அதனால்தான் மருந்தக்கா வீட்டுப் பிளானில் ஒரு வேலை செய்திருந்தாள். ஹாலை நாலடி குறைத்து அதைப் படுக்கையறையில் சேர்க்கச் சொன்னாள். வரைந்தவர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். "ஹால் சின்னதாயிடும்மா, நீள சோபா போட முடியாது." "வேணாம், நாலு நாற்காலி போதும்" என்று ஒரே பிடியாக நின்றாள். சோபா இல்லாவிட்டால் எங்கே போவார்? கட்டிலுக்குத்தான் வரவேண்டும். வாயைத் திறந்து கேட்க முடியாததைச் செங்கல்லை வைத்துக் கேட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வந்து தன் பக்கத்தில் படுக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை சாக்பீஸ் சுவரை வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் டீ வாங்கிக்கொண்டு போனாள். முகமெல்லாம் சிவப்புத் தூசியுடன் அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"உங்க வீட்ல சுவிட்ச் யார் பக்கம் தம்பி?"

"அதையேன் கேக்கறீங்க! ஊருக்கெல்லாம் டூ-வே, என் வீட்ல ஒரே சுவிட்ச், அதுவும் என் பக்கம். படுத்ததும், 'லைட்டை அணைங்க'ம்பா. நான் அதுக்குள்ள தூங்கிட்ட மாதிரி நடிப்பேன். 'நடிக்காதீங்க, கால் விரல் ஆடுது'ம்பா. கடைசில அவளே என் மேல விழுந்து எட்டி அணைப்பா. தினம் இதே கூத்துதான்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளே சுருக்கென்று தைத்தது. பொறாமைதான், வேறென்ன? அவள் தினம் தானே விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறவள். அணைங்க என்று ஒருத்தரை ஏவவேண்டும், முடியாது போ என்று அவர் சொல்ல வேண்டும். இது ஒரு பெரிய ஆசையா? இதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

"ரெண்டு பக்கமும் வெட்டிடுங்க. அவருக்கு எது எது வேணும்னு மட்டும் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

சாக்பீஸ் வலது பக்கமும் வெட்டினார். அவள் சுவர் ஓரமாகப் போய் நின்று, கப்பல்காரருக்குப் போனில் குரல் பதிவாகப் பேசி அனுப்பினாள். "என்னங்க, ரூம்ல உங்க பக்கம் சுவிட்ச் வைக்கணுமாம். எந்தப் பக்கம் உங்களுக்கு வசதி? போன் சார்ஜ் போட பிளக் வேணுமா? திங்கட்கிழமை பூசறாங்க, அதுக்குள்ள சொல்லுங்க." உங்க பக்கம் என்ற வார்த்தையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசிறியது. அழித்துவிட்டு மறுபடி பேசினாள். மறுபடியும் பிசிறியது. போகட்டும் என்று அனுப்பிவிட்டாள்.

கடலில் இருந்தால் பதில் வர நாளாகும். சனிக்கிழமை பகல் கடையில் கூட்டம். ஒருத்தருக்கு இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஒரு குரல் பதிவும் ஒரு படமும். மாத்திரை டப்பாக்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் போய், காதில் வைத்துக் கேட்டாள். பின்னால் இஞ்சின் இரைச்சல். அதற்கு மேலே அவர் குரல், உற்சாகமாக. இத்தனை உற்சாகமாக அவர் பேசி அவள் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது.

"இங்க பாரு, நானே சொல்லணும்னு நினைச்சேன், நீயே கேட்டுட்டே. மாடிப்படிக்குக் கீழ சாமான் ரூம்னு ஒண்ணு இருக்குல்ல, அது எனக்குப் போதும். படம் போட்டு அனுப்பியிருக்கேன். ரெண்டரை அடி அகலத்துல ஒரு பலகைக் கட்டில். தலைமாட்டுல சின்ன விளக்கு, வலது கைக்கு எட்டற மாதிரி சுவிட்ச். கால்மாட்டுல குட்டி ஃபேன். என் கேபின் மாதிரியே இருக்கணும். பெரிய ரூமை நீ தாராளமா வச்சுக்கோ. உனக்கும் தொந்தரவு இல்ல பாரு."

படத்தைத் திறந்தாள். கோடு போட்ட தாளில் பேனாவால் வரைந்திருந்தார். அளவெல்லாம் கச்சிதம். விளக்கு, சுவிட்ச், பிளக், மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு சின்னத் தட்டு. இவள் தடுக்கில் பாய்ந்தால் அவர் கோலத்தில் பாய்ந்தார். சோபாவை ஒழித்தாள், அவர் சாமான் அறையைக் கண்டுபிடித்துவிட்டார்.

வெளியே இருந்து, "அக்கா, இருமல் மருந்து?" என்று குரல் கேட்டது. எடுத்துப் போய்க் கொடுத்தாள். எத்தனை மூடி குடிக்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அப்படி மறந்ததில்லை. தெருவில் இறங்கி ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. பகல் மூன்று மணிக்கு அவரே கூப்பிட்டார். அவள் புது வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழேதான் அந்தச் சாமான் அறை.

"படம் பார்த்தியா? ஒயர்மேனுக்குப் புரியுமில்ல?"

"புரியும். அந்த ரூம்ல எனக்கு எங்க இடம்?"

"உனக்கென்ன, பெரிய ரூமே இருக்கே!"

"நான் ரூமைக் கேக்கலைங்க. உங்களைக் கேக்கறேன்."

சொல்லிவிட்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன? இருபத்தாறு வருஷம் தொண்டையிலேயே கிடந்தது, மாடிப்படியில் உட்கார்ந்து வெளியே வந்தது. அந்தப் பக்கம் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க?"

"இருக்கேன்." மெதுவாகச் சொன்னார். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. பக்கத்துல ஒருத்தர் இருந்தா எனக்குத் தூக்கம் வராது. கதவைச் சாத்தி, சுவத்துல முதுகு ஒட்டி, கீழ மெஷின் ஓடிட்டே இருந்தாத்தான் கண் மூடும். வீட்ல அமைதியா இருந்தா மெஷின் நின்னு போச்சோன்னு தூக்கிவாரிப் போட்டு முழிச்சுக்கறேன். அந்த முதல் ரெண்டு லீவுல நான் ஒரு நாள்கூடத் தூங்கல. நீ எழுந்து போற வரைக்கும் தூங்கற மாதிரி கிடப்பேன்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நானும்தாங்க தூங்கல. புரண்டா உங்களை எழுப்பிடுவேனோன்னு அசையாம கிடந்தேன். நீங்க நல்லாத் தூங்கறீங்கன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? கட்டின பொண்டாட்டிகிட்ட, நீ பக்கத்துல இருந்தா தூக்கம் வரலைன்னா சொல்றது?"

சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வித்தியாசம் தெரிகிற அளவுக்குப் பழகியிருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காதே! "இனிமே பழகிக்கலாமே, கொஞ்சம் கொஞ்சமா" என்று கேட்டுப் பார்த்தாள். கெஞ்சுகிற மாதிரித்தான் இருந்தது. இருக்கட்டும், யார் பார்க்கிறார்கள்?

"அம்பத்தெட்டு வயசாச்சும்மா எனக்கு" என்றார். பிறகு, "அந்த ரூமை மட்டும் போட்டுக் குடு. கோவிச்சுக்காதே" என்றார். யாரோ அவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

கோபமா? கோபப்படுவதற்காவது எதிரில் ஆள் வேண்டும். அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பூச்சு இல்லாத வீட்டில் சின்ன விசும்பல்கூடப் பெரிதாகக் கேட்கும். அதனால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே போய்விட்டாள். கொத்தனார் ஹாலில் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். சாக்பீஸிடம் படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! சார் என் வேலையை எனக்கே சொல்லித் தர்றாரே! அளவு சுத்தம்னா சுத்தம்." பிறகுதான் அவருக்கு அது எந்த அறை என்று உறைத்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் முகம் அழுத முகம் என்று பார்த்தாலே தெரிந்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

"முதல்ல இதை முடிங்க. ஒரு அங்குலம் தப்பக் கூடாது" என்றாள்.

"சாரைப் படுக்க வைக்க முடியாதே. கை எவ்வளவு நீளம்னு தெரிஞ்சா..."

"இருபத்தஞ்சு அங்குலம்."

உடனே சொன்னாள். ஒவ்வொரு லீவுக்கும் இரண்டு சட்டை எடுத்து வைக்கிறவளுக்கு அது தெரியாதா? எந்தப் பக்கம் படுப்பார் என்று தெரியாத புருஷனுக்குக் கை நீளம், கழுத்துச் சுற்றளவு, இடுப்பு எல்லாம் விரல் நுனியில். சாக்பீஸ் டேப்பைப் பிடித்து அளந்து, சாமான் அறைச் சுவரில் குறி போட்டார். ஒன்றரை மணி நேரத்தில் விளக்குக்கும் ஃபேனுக்கும் பிளக்குக்கும் பைப் உள்ளே போய்விட்டது. கண்ணாடி வைக்கிற தட்டுக்குக்கூட இடம் குறித்தாயிற்று.

அதற்குப் பிறகு படுக்கையறை. இடது பக்கம் சுவிட்ச் பாக்ஸ் பொருத்தி முடித்திருந்தார். வலது பக்கம் வெள்ளிக்கிழமை வெட்டின வெட்டு, இடுப்பு உயரத்துக்குப் பைப்பும் செங்கலும் தெரியத் திறந்து கிடந்தது. கொத்தனார் கலவைச் சட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"இதை என்ன பண்ணட்டும்?"

சாக்பீஸ் தொண்டையைச் செருமினார். "அக்கா, ஒயர் இழுக்க வேணாம். பைப்பை மட்டும் விட்டு, ஒரு காலிப் பாக்ஸ் வெச்சு மூடி போட்டுடறேன். நாளைக்கே சார் மனசு மாறிச்சுன்னா அஞ்சு நிமிஷத்துல சுவிட்ச் மாட்டிடலாம். பூசிட்டா அப்புறம் சுவரை உடைக்கணும்."

போடுங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? ஒவ்வொரு வருஷமும் அடுத்த லீவுக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தவள்தானே. மூடி போட்ட அந்தக் காலிப் பாக்ஸ் தலைமாட்டில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

"வேணாம் தம்பி. அதை வெச்சா தினம் படுத்துட்டு அதையேதான் பார்த்துட்டிருப்பேன். இருபத்தாறு வருஷமா ஒரு பக்கத்தைக் காலியா விட்டு ஓரத்துலயே படுத்துப் பழகிட்டேன். போதும். இனிமே நடுவுல படுத்துக்கறேன்."

சாக்பீஸ் தலையைக் குனிந்துகொண்டு பைப்பை உருவினார். அவள் கொத்தனாரிடம் கை நீட்டினாள். "கரண்டியைக் கொடுங்க."

"உங்களுக்கு எதுக்கும்மா, கையெல்லாம் புண்ணாயிடும்."

"கொடுங்க."

கொடுத்தார். கலவையை அள்ளி வெட்டுக்குள் அப்பினாள். பாதி கீழே விழுந்தது. மறுபடி அள்ளினாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை. இரண்டு ஆண்களும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். கீழிருந்து மேல் வரைக்கும் செங்கல் மறைந்தது. சுவர் மட்டத்துக்கு வந்த பிறகும் அவள் அள்ளி அள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா" என்றார் கொத்தனார். "எப்பவோ ரொம்பிடுச்சு."